எஃப்பியு இல்லாத சிப்பில் ஃப்ளோட் கணக்கு: அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

ஒரே மாதிரிப் பிழையைப் பல போர்டுகளில் திரும்பத் திரும்பச் சரிசெய்த பிறகுதான் இதை எழுதி வைக்கத் தோன்றியது. தசமப் புள்ளிக் கணக்குக்கென்று தனி வன்பொருள், அதாவது எஃப்பியு, இல்லாத சிப்பிலும் ஃப்ளோட் (4 பைட் தசம எண் வகை) எழுதினால் கம்பைலர் வாயே திறக்காது. ஒவ்வொரு கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் ஒரு லைப்ரரி ஃபங்ஷனைக் கூப்பிட்டுச் செய்து கொடுத்துவிடும். தொந்தரவு பிறகுதான் தெரியும்.

உங்கள் சிப் எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்டுயினோ ஊனோவில் உள்ள ஏடிமெகா328பி, ப்ளூ பில் போர்டின் எஸ்டிஎம்32எஃப்103, பைக்கோவின் ஆர்பி2040, ஈஎஸ்பி8266, ஈஎஸ்பி32-சி3, சிஎச்32வி003 எதிலும் எஃப்பியு கிடையாது. ஆர்ம் நிறுவனத்தின் கார்டெக்ஸ் எம்0, எம்0+, எம்3 கோர் என்று டேட்டாஷீட்டில் இருந்தாலே கிடையாது என்று வைத்துக்கொள்ளலாம். எம்4-இல் விருப்பத்துக்குச் சேர்ப்பது, இருந்தாலும் ஃப்ளோட்டுக்கு மட்டும்தான். பழைய ஈஎஸ்பி32-இலும் அப்படியே. அதனால் டபுள், அதாவது பொதுவாக 8 பைட் எடுக்கும் தசம எண் வகை, பயன்படுத்தினால் அந்தச் சிப்களிலும் கீழே சொல்வதெல்லாம் பொருந்தும்.

## லூப் மெதுவாகிவிட்டது, இன்டரப்ட் தவறுகிறது

இன்டரப்ட் என்பது நடக்கும் வேலையை நிறுத்திவிட்டு உடனே ஓடும் அவசரக் கோட். எதையும் மாற்றுவதற்கு முன் அளந்துவிடுங்கள். சும்மா இருக்கும் ஒரு பின்னைக் கணக்கு தொடங்கும் இடத்தில் ஹை, முடியும் இடத்தில் லோ செய்து ஸ்கோப்பிலோ மலிவான லாஜிக் அனலைசரிலோ பாருங்கள். ஸ்கோப் இல்லையென்றால் அதே கணக்கை ஆயிரம் முறை ஓடவிட்டு மொத்த நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள். ஊனோவில் மைக்ரோஸ் ஃபங்ஷன் 4 மைக்ரோ நொடிப் படியாகத்தான் ஏறும் என்பதால் ஒரே ஒரு முறை ஓட்டி அளப்பது நம்பகமில்லை. உள்ளீட்டு எண்களை வோலடைல் என்று அறிவியுங்கள், இல்லாவிட்டால் கம்பைலர் விடையை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துவிடும், நீங்கள் வெறும் லூப்பை அளந்துகொண்டிருப்பீர்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: 16 மெகாஹெர்ட்ஸ் ஊனோவில் ஒரு ஃப்ளோட் பெருக்கல் ஏறக்குறைய 10 மைக்ரோ நொடி, வகுத்தல் 30 மைக்ரோ நொடி. சைன், லாக் எல்லாம் 100-ஐத் தாண்டும். உங்கள் அளவு இதைவிடப் பல மடங்கு அதிகம் என்றால் வேறு ஏதோ ஒளிந்திருக்கிறது.

### டபுள் நுழைந்திருக்கிறதா?

32 பிட் சிப்பில் நான் பார்த்த மெதுவான கோடுகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் காரணம். மாறியை ஃப்ளோட் என்று ஒழுங்காக அறிவித்திருப்பார்கள், ஆனால் அதை 0.1-ஆல் பெருக்கியிருப்பார்கள். சி மொழியில் வெறும் 0.1 என்பது டபுள். அந்த ஒரு எண்ணுக்காக மாறி டபுளாக மாற்றப்பட்டு, டபுளில் பெருக்கப்பட்டு, மறுபடி ஃப்ளோட்டாகச் சுருக்கப்படும், மூன்று ஃபங்ஷன் அழைப்பு. 0.1-க்குப் பின்னால் எஃப் என்ற எழுத்தை ஒட்டினால் போதும், ஒன்றே ஒன்றாகிவிடும். கணித ஃபங்ஷன்களும் அப்படித்தான், சைன், லாக், பவ் எல்லாவற்றுக்கும் வாலில் எஃப் சேர்ந்த வடிவம் இருக்கிறது, அதைக் கூப்பிடுங்கள்.

கண்ணால் தேடிக்கொண்டிருக்காதீர்கள். ஜிசிசி கம்பைலரில் டபுள் ப்ரொமோஷன் எச்சரிக்கையை ஆன் செய்தால் எந்தெந்த வரியில் நடக்கிறது என்று அதுவே சொல்லும். அப்புறம் மேப் கோப்பை (எந்த ஃபங்ஷன் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று லிங்கர் எழுதும் பட்டியல்) திறந்து டிமுல், டிஏட், எஃப்2டி என்று முடியும் பெயர்கள் இருக்கின்றனவா பாருங்கள். நீங்கள் டபுளே எழுதவில்லை, ஆனால் அவை இருக்கின்றன என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

ஊனோவில் உள்ளது போன்ற ஏவிஆர் சிப்பில் இந்தத் தேடல் வேண்டாம். அங்கே டபுளும் இயல்பாக 4 பைட்தான்.

### கணித ஃபங்ஷனா?

எக்ஸின் வர்க்கத்துக்குப் பவ் எழுதாதீர்கள், எக்ஸை எக்ஸால் பெருக்குங்கள். மாறிலியால் வகுக்க வேண்டிய இடத்தில் அதன் தலைகீழை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துப் பெருக்குங்கள், கம்பைலர் இதைத் தானாகச் செய்யத் துணியாது, ஏனென்றால் கடைசி பிட் மாறிவிடக்கூடும்.

என்டிசி தெர்மிஸ்டர் (சூடு ஏறினால் மின்தடை குறையும் சென்சார்) வைத்தவர்கள் எல்லோரும் இங்கே மாட்டுவார்கள். ஒவ்வொரு முறை வெப்பநிலை படிக்கும்போதும் லாக் போட்டுக் கணக்கிடுவது வீண். 10 பிட் ஏடிசி (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) என்றால் 0 முதல் 1023 வரைதான் வரப்போகிறது. 32 படிக்கு ஒன்று வீதம் 33 எண்கள் கொண்ட அட்டவணையைக் கம்ப்யூட்டரில் கணக்கிட்டு, பத்தில் ஒரு டிகிரி அலகில் முழு எண்ணாக ஃப்ளாஷில் வைத்துவிடுங்கள். அளவை ஐந்து பிட் வலப்பக்கம் நகர்த்தினால் எந்த வரிசை என்று கிடைக்கும், மிச்சமுள்ள ஐந்து பிட்டை வைத்து இரண்டு எண்களுக்கு நடுவே நேர்கோட்டில் பிரித்துக்கொள்ளுங்கள். ஃப்ளோட்டே தேவைப்படாது. அட்டவணையின் இரு முனைகளிலும் நேர்கோடு கொஞ்சம் விலகும், ஆனால் சென்சார் அந்த வெப்பநிலைக்குப் போகவே போகாது என்றால் விட்டுவிடலாம்.

### இன்டரப்டுக்குள் கணக்கு நடக்கிறதா?

இன்டரப்டில் ஏடிசி எண்ணை மட்டும் எடுத்து வையுங்கள், கொடி ஒன்றை உயர்த்துங்கள், வெளியே வாருங்கள். கணக்கு மெயின் லூப்பில் நடக்கட்டும். ஈஎஸ்பி32-இல் எஃப்பியு இருந்தாலும் இன்டரப்டுக்குள் ஃப்ளோட் வேண்டாம், அந்த ரிஜிஸ்டர்களை அங்கே காப்பாற்றி வைக்க யாரும் இல்லை.

### இதெல்லாம் செய்தும் போதவில்லை

அப்போதுதான் முழு எண்ணுக்கு மாற வேண்டும். வோல்ட்டுக்குப் பதில் மில்லிவோல்ட், டிகிரிக்குப் பதில் பத்தில் ஒரு டிகிரி, பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். பிஐடி (பிழையைப் பார்த்து வெளியீட்டைத் திருத்தும் கட்டுப்பாட்டுக் கணக்கு), ஃபில்டர் மாதிரி பின்னக் குணகங்கள் தேவைப்படும் இடத்தில் மட்டும் 16.16 வடிவம், அதாவது மேல் 16 பிட் முழு எண், கீழ் 16 பிட் பின்னம். இதில் வரும் பிழைகளைக் கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

அதற்கும் அடங்கவில்லையென்றால் சிப்பை மாற்றுவதுதான் மிச்சம், செலவு அதிகமான வழி. பைக்கோவில் இருப்பவர்களுக்குப் பெரிய வலி இல்லை, பைக்கோ 2 அதே பின் அமைப்பில் வருகிறது, அதன் எம்33 கோர்களில் எஃப்பியு இருக்கிறது. எஸ்டிஎம்32எஃப்103-இலிருந்து எஃப்303-க்குப் போகும்போது பின்கள் பெரும்பாலும் ஒத்துப்போனாலும் ஏடிசி, ஜிபிஐஓ கோடெல்லாம் திருத்தி எழுத வேண்டும். ஏற்கெனவே நூறு போர்டு அச்சடித்து வைத்திருக்கிறீர்கள் என்றால், இந்த முடிவுக்கு முன்னால் அனுபவமுள்ள எம்பெடட் எஞ்சினியர் ஒருவரிடம் உங்கள் அளவுகளையும் மேப் கோப்பையும் காட்டிவிடுங்கள். அரை நாள் ஆலோசனைக் கட்டணம் மறு அச்சடிப்பை விட மலிவு.

## பிரிண்ட் செய்தால் கேள்விக்குறி, வெற்றிடம், அல்லது 0.00

கேள்விக்குறி வருகிறது: ஏவிஆர். அதன் ஸ்பிரின்ட்எஃப் இயல்பாக ஃப்ளோட் அச்சிடும் பகுதி இல்லாமல்தான் லிங்க் ஆகும். டிடிஓஎஸ்டிஆர்எஃப் ஃபங்ஷன் வைத்து எண்ணை எழுத்தாக மாற்றி அப்புறம் ஒட்டுங்கள்.

ஒன்றுமே வரவில்லை: ஆர்ம் சிப்பில் நியூலிப்-நானோ என்ற சிறிய சி லைப்ரரி. லிங்கர் அமைப்பில் பிரின்ட்எஃப் ஃப்ளோட் ஆதரவை ஆன் செய்ய வேண்டும், பல ஐடிஇ-களில் அதற்கு ஒரு டிக் பெட்டி இருக்கும்.

ஆன் செய்தும் குப்பை அல்லது 0.00 வருகிறது, அல்லது தொங்குகிறது: ஸ்டாக்கை (ஃபங்ஷன்கள் தற்காலிகமாகப் பயன்படுத்தும் நினைவகம்) பாருங்கள். ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற சிறு இயங்குதளத்தின் டாஸ்க்குக்கு 128 வேர்டு, அதாவது 512 பைட், கொடுத்துவிட்டு அதற்குள் ஃப்ளோட் பிரிண்ட் செய்தால் தாங்காது. ஹீப் அளவையும் பாருங்கள், நியூலிப்பின் ஃப்ளோட் அச்சிடல் உள்ளே மாலக் கூப்பிட்டு ஹீப்பிலிருந்து நினைவகம் கேட்கும், ஹீப் பூஜ்யமாக இருந்தால் உடைந்துவிடும். இரண்டும் சரி என்றால் ஸ்டாக் 8 பைட் எல்லையில் தொடங்குகிறதா என்று பாருங்கள். பிரின்ட்எஃப்-க்குப் போகும் ஃப்ளோட் டபுளாகத்தான் போகும், ஆர்ம் விதிப்படி டபுள் 8 பைட் எல்லையில் இருக்க வேண்டும், 4 பைட் தள்ளி இருந்தால் பாதி எண்ணை ஒரு இடத்திலும் மீதியை இன்னொரு இடத்திலும் படிக்கும். முழு எண்கள் சரியாக அச்சாகி ஃப்ளோட் மட்டும் கெட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

நான் இப்போது செய்வது எளிது. 2537 என்று மில்லிவோல்ட்டை வைத்துக்கொண்டு, 1000-ஆல் வகுத்த ஈவை அச்சிட்டு, புள்ளி வைத்து, மீதியை மூன்று இலக்கமாக அச்சிடுவேன். மைனஸ் குறியை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் மைனஸ் 0.5-இன் ஈவு வெறும் 0, குறி காணாமல் போய்விடும்.

## ஃப்ளாஷ் நிறைந்துவிட்டது என்று லிங்கர் சொல்கிறது

முதல் சந்தேகம் மேலே சொன்ன ஃப்ளோட் அச்சிடல். ஆர்ம் சிப்பில் அது மட்டுமே 10 கேபி அளவுக்குத் தின்னும், சிஎச்32வி003-இல் மொத்த ஃப்ளாஷே 16 கேபி. அடுத்தது டபுள் லைப்ரரி. மூன்றாவது பவ், அது லாக்கையும் எக்ஸ்பொனென்ஷியலையும் கூடவே இழுத்து வரும். மேப் கோப்பை அளவு வாரியாக அடுக்கிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இதற்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

## கொஞ்ச நேரம் சரியாக ஓடுகிறது, பிறகு கெடுகிறது

இது என்னை மூன்று நாள் அலைய வைத்தது. ஒரு சிறிய மோட்டார் வேகக் கட்டுப்பாடு, ஒரு மில்லி நொடிக்கு ஒரு முறை பிஐடி. காலை ஒன்பதுக்கு ஆன் செய்தால் மதியம் ஒன்று நாற்பதுக்கு மோட்டார் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பிக்கும். ஆஃப் செய்து ஆன் செய்தால் சரி. சூடு என்று நினைத்து ஹீட் சிங்க் மாற்றினேன், மதியத்தில் லைன் வோல்டேஜ் இறங்குகிறது என்று நினைத்துப் பவர் சப்ளையை மாற்றினேன். மறுநாள் பத்தரைக்கு ஆன் செய்தேன், கோளாறும் ஒன்றரை மணி நேரம் தள்ளி மூன்று பத்துக்கு வந்தது. அப்போதுதான் சுவர் கடிகாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆன் செய்து எவ்வளவு நேரம் என்பதுதான் விஷயம் என்று புரிந்தது.

மில்லி நொடி எண்ணிக்கையை ஃப்ளோட் மாறியில் போட்டிருந்தேன். ஃப்ளோட்டில் முழு எண் ஒன்று ஒன்றாக ஏறுவது 16,777,216 வரைதான், அதற்கு மேல் ஒற்றைப்படை எண்களே கிடையாது. அத்தனை மில்லி நொடி என்பது 4 மணி 39 நிமிடம். அதற்குப் பிறகு இரண்டு அளவுகளுக்கு நடுவிலுள்ள நேரம் 1-க்குப் பதில் 0 அல்லது 2 என்று வரும். பிஐடி-யில் மாற்ற வேகத்தைக் கணக்கிடும் டி பகுதியில் அந்த 0-ஆல் வகுத்தபோது வெளியீடு முட்டி மோதியது. திருத்தம் ஒரே வரி: நேரத்தை முழு எண்ணிலேயே கழித்துவிட்டு, கிடைத்த சின்ன வித்தியாசத்தை மட்டும் ஃப்ளோட்டாக மாற்றுவது.

எதையாவது கூட்டிக்கொண்டே போகும் எந்த மாறியிலும் இதே கதைதான். வீட்டு மின் மீட்டர் ஒன்று செய்கிறீர்கள், 36 வாட் லோடு, நொடிக்கு ஒரு முறை 0.01 வாட்-மணி சேர்க்கிறீர்கள் என்று வையுங்கள். ஃப்ளோட்டில் கூட்டினால் மொத்தம் 131 யூனிட்டைத் தாண்டியதும் ஒவ்வொரு நொடியும் 0.01-க்குப் பதில் 0.0156 சேரும், மீட்டர் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடும். 262 யூனிட்டைத் தாண்டியதும் அப்படியே நின்றுவிடும், ஏனென்றால் அந்த உயரத்தில் அடுத்த எண்ணே 0.031 தள்ளித்தான் இருக்கிறது. மேசையில் ஒரு மணி நேரம் சோதித்தால் இது தெரியவே தெரியாது. மில்லிவாட்-நொடியை 32 பிட் முழு எண்ணில் சேருங்கள், 36,00,000 ஆனதும் அதைக் கழித்துவிட்டு வாட்-மணி எண்ணியில் ஒன்று கூட்டுங்கள்.

சோதிக்கும் வழி: நாள் கணக்கில் காத்திருக்காதீர்கள். மீட்டரின் தொடக்க மதிப்பையே 2,62,000 வாட்-மணி என்று வைத்து ஓடவிடுங்கள், நேர எண்ணியை 1,67,70,000-இல் தொடங்குங்கள். சில நிமிடத்தில் உண்மை வெளிவரும்.

ஃப்ளோட்டை விட்டுவிட்டால் மட்டும் இது தீர்ந்துவிடாது. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டு 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். அந்த அமைப்பு நேரத்தை முழு எண்ணில்தான் எண்ணியது, பத்தில் ஒரு நொடி வீதம். அதை நொடியாக்க 24 பிட்டில் வெட்டப்பட்ட 0.1-ஆல் பெருக்கியது, 100 மணி நேரம் தொடர்ந்து ஓடியதில் 0.34 நொடி விலகியிருந்தது. 0.1 எத்தனை பிட் கொடுத்தாலும் பைனரியில் சரியாக அடங்காது. கூடியவரை அந்தப் பெருக்கலைக் கடைசியில், திரையில் காட்டும் இடத்தில் மட்டும் செய்யுங்கள்.

ஜிபிஎஸ் செய்பவர்கள் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். சென்னையின் தீர்க்கரேகை 80.27 டிகிரி, அந்த அளவில் ஃப்ளோட்டின் ஒரு படி தரையில் சுமார் 80 சென்டிமீட்டர். புள்ளி வரைபடத்தில் தத்தித் தத்திப் போனால் ஆன்டெனாவைக் குறை சொல்வதற்கு முன் டிகிரியை ஒரு கோடியால் பெருக்கி 32 பிட் முழு எண்ணில் வைத்துப் பாருங்கள். 180 டிகிரி வரை அடங்கும்.

## எப்போதாவது ஒரு முறை மட்டும் பைத்தியக்கார எண் வருகிறது

மணிக்கு ஒரு முறை, நாளுக்கு ஒரு முறை, 27.4 வர வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு பெரிய எண். 8 பிட் சிப் என்றால், அந்த ஃப்ளோட்டை இன்டரப்ட் எழுதி மெயின் லூப் படிக்கிறதா என்று பாருங்கள். 4 பைட்டை ஏவிஆர் ஒவ்வொன்றாகத்தான் எடுக்கும். இரண்டு பைட் எடுத்த நேரத்தில் இன்டரப்ட் வந்து நான்கையும் மாற்றிவிட்டால், பழைய பாதியும் புதிய பாதியும் ஒட்டிய ஒரு எண் கையில் இருக்கும். வோலடைல் போட்டிருந்தாலும் இது நடக்கும், அது வேறு விஷயத்துக்கு. இன்டரப்டை நிறுத்தி, ஒரு நகல் எடுத்து, மறுபடி திறந்துவிட்டு, நகலில் கணக்கிடுங்கள். 32 பிட் சிப்பில் ஃப்ளோட்டுக்கு இந்தப் பயம் இல்லை, டபுளுக்கு உண்டு.

இதைச் சரிசெய்தும் வந்தால், சந்தேகத்தைச் சென்சார் கம்பிக்கும் கிரவுண்டுக்கும் மாற்றுங்கள். ஏடிசி-யின் மூல எண்ணையே பதிவு செய்யுங்கள். மூல எண்ணே குதிக்கிறது என்றால் கோடில் பிழை எதுவும் இல்லை, ஹார்ட்வேர் தெரிந்தவர் ஸ்கோப்போடு வந்து பார்க்க வேண்டிய இடம் அது.

## என்ஏஎன் வந்துவிட்டது, போகவே மாட்டேன் என்கிறது

செரியல் மானிட்டரில் அந்த மூன்று எழுத்து (‘எண்ணே அல்ல’ என்று பொருள்) தெரிந்தால், பெரும்பாலும் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தது, மைனஸ் எண்ணுக்கு வர்க்கமூலம், சென்சார் படிக்கத் தவறியது, இந்த மூன்றில் ஒன்று. டிஎச்டி22 வெப்ப-ஈரப்பதச் சென்சாருக்கான லைப்ரரிகள் பல, படிக்க முடியாவிட்டால் என்ஏஎன்-ஐத்தான் திருப்பித் தரும். பிஐடி-யின் இன்டக்ரலில் ஒரு முறை விழுந்துவிட்டால் ரீசெட் வரை அங்கேயே இருக்கும்.

இதில் ஆபத்தான பகுதி ஒப்பீடு. என்ஏஎன்-ஐ எதோடு ஒப்பிட்டாலும், பெரிதா என்றாலும் சிறிதா என்றாலும், விடை ‘இல்லை’ (தவறு) என்றே வரும். நண்பர் ஒருவர் முட்டை அடைகாக்கும் இன்குபேட்டர் செய்திருந்தார், 37.5 டிகிரி. கோடில் 38-ஐத் தாண்டினால் ஹீட்டரை அணை என்று இருந்தது. சென்சார் கம்பி கழன்றபோது என்ஏஎன் 38-ஐத் தாண்டவில்லை, ஹீட்டர் எரிந்துகொண்டே இருந்தது, ஒரு தட்டு முட்டை முழுவதும் போயிற்று. நிபந்தனையைத் திருப்பிப் போட்டுக் கொடுத்தேன்: அளவு 10-க்கு மேலும் 37.5-க்குக் கீழும் இருந்தால் மட்டும் ஹீட்டர் ஆன், மற்ற எல்லா நேரமும் ஆஃப். என்ஏஎன் வந்தால் தானாக அணைந்துவிடும்.

என்ஏஎன்-ஐத் தேடும் ஃபங்ஷன் வேலை செய்யவில்லை என்றால் கம்பைலரின் ஃபாஸ்ட் மேத் கொடி ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். அது என்ஏஎன் வரவே வராது என்று எடுத்துக்கொண்டு உங்கள் சோதனையையே நீக்கிவிடும்.

ஹீட்டர், கேஸ், மெயின்ஸ் மோட்டார் எதை ஓட்டினாலும் மென்பொருளை மட்டும் நம்பாதீர்கள். தெர்மல் ஃப்யூஸ் அல்லது தனி கட்-ஆஃப் எலெக்ட்ரீஷியனை வைத்துப் போடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

## முதல் ஃப்ளோட் வரியிலேயே தொங்குகிறது

எஃப்பியு இல்லாத சிப்புக்கு எஃப்பியு உள்ள சிப்பின் கம்பைலர் கொடி போய்விட்டது. வேறு போர்டின் மேக்ஃபைலை நகலெடுத்தால் நடப்பது இது. ப்ராஜெக்ட் அமைப்பில் ஃப்ளோட் ஏபிஐ-யைச் சாஃப்ட் என்று மாற்றி, ஏற்கெனவே கம்பைல் ஆன கோப்புகளையெல்லாம் அழித்து முதலிலிருந்து கம்பைல் செய்யுங்கள். லிங்கரே விஎஃப்பி (ஆர்ம் சிப்பின் எஃப்பியு) ரிஜிஸ்டர் பற்றிப் புகார் சொன்னால், யாரோ கொடுத்த லைப்ரரிக் கோப்பு ஒன்று ஹார்ட் முறையில் கம்பைல் ஆகியிருக்கிறது. சோர்ஸ் இல்லையென்றால் கொடுத்தவரிடம் சரியான பதிப்பைக் கேட்பதைத் தவிர வழியில்லை. உண்மையிலேயே எஃப்பியு உள்ள எம்4 என்றால், தொடக்கக் கோட் அதை ஆன் செய்கிறதா பாருங்கள், ரீசெட்டில் அது அணைந்துதான் இருக்கும்.

## முழு எண்ணுக்கு மாற்றிய பிறகு விடை தப்பு

ஏவிஆரில் அளவு × 5000 / 1023 என்று எழுதினீர்களா? அங்கே இன்ட் 16 பிட், 32,767 வரைதான். அளவு 6 வரை சரியாக வரும், 7-இல் பெருக்கல் 35,000 ஆகி எல்லையைத் தாண்டிவிடும். 5000-க்குப் பின்னால் எல் எழுத்தை ஒட்டினால் 32 பிட்டில் நடக்கும்.

16.16 பெருக்கலில் தப்பு வந்தால், பெருக்குவதற்கு முன்பே ஒரு எண்ணை 64 பிட்டாக மாற்றினீர்களா என்று பாருங்கள். அடைப்புக்குறிக்கு வெளியே மாற்றினால் பெருக்கல் 32 பிட்டிலேயே நடந்து மேல் பகுதி ஏற்கெனவே போயிருக்கும்.

பூஜ்யத்துக்கு அருகில் வெளியீடு எப்போதும் கொஞ்சம் மைனஸ் பக்கம் சாய்ந்தால், மைனஸ் எண்ணை வலப்பக்கம் நகர்த்துவதுதான் காரணம். மைனஸ் 1-ஐ எத்தனை முறை நகர்த்தினாலும் மைனஸ் 1-தான் வரும், வகுத்திருந்தால் 0 வந்திருக்கும். 16 பிட் நகர்த்துவதற்கு முன் 32,768 கூட்டிக்கொள்ளுங்கள், சாய்வு போய்விடும்.

ஒவ்வொரு முழு எண் ஃபங்ஷனையும் மாற்றும்போது பழைய ஃப்ளோட் வடிவத்தை அழிக்காமல் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளுங்கள். 0 முதல் 1023 வரை எல்லா உள்ளீட்டையும் இரண்டிலும் ஓடவிட்டு அதிகபட்ச வித்தியாசம் எவ்வளவு, எந்த எண்ணில் என்று அச்சிடுங்கள், அந்த எண்ணிலிருந்து தேடத் தொடங்குங்கள். இன்ட்டுக்குப் பதில் 16 பிட் வகையையே வெளிப்படையாக எழுதினாலும் இந்த ஒப்பீட்டில் 16 பிட் வழிதல் சிக்காமல் போகலாம், ஏனென்றால் கம்ப்யூட்டர் 16 பிட் எண்களையும் 32 பிட் இன்ட்டாக உயர்த்தித்தான் பெருக்கும். அதனால் ஏவிஆருக்கான ஓட்டத்தைப் போர்டிலேயே நடத்தி, விடைகளைச் செரியலில் அனுப்பி, கம்ப்யூட்டரில் ஒப்பிடுங்கள்.